பூனையின் ஈரலைச் சத்தத்தால் பார்ப்பது எப்படி?



இந்தக் கிழமை எபிசோட்டில் சென்சர்கள் பற்றிக் கதைக்கும்போது, நடுவில் "என்ர பூனையின்ர ஈரல் மாதிரி" எண்டு ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டேன். சென்சரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த மெசேஜ் எல்லாம் பூனையைப் பற்றித்தான். ஆகவே இந்த மடலில் முழுக்கதை. கதையோடு சேர்த்து, அல்ட்ராசவுண்ட் மெஷின் ஒரு பூனையின் ஈரலுக்குள் என்னத்தைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்பதையும் சொல்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை, கொம்பியூட்டர் படித்தவன். அன்று இரவு எனக்கு விளங்காமல் போனதை எல்லாம் பிறகு வாசித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

மூன்று நாள் நான் விட்ட பிழை

மிளகுக்கு ஒன்பது வயது. கறுப்பும் சாம்பலும் கலந்த நிறம். எடை 6.9 கிலோ. "கொஞ்சம் குண்டு" என்று நான் சொல்வேன். வைத்தியர் "கொஞ்சம்" என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொல்வார்.

ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணத்துக்காக மூன்று கிழமை யாழ்ப்பாணம் போயிருந்தேன். மிளகு ஒரு நண்பன் வீட்டில் நின்றாள். புது வீடு, புது ஆக்கள், வீட்டில் ஒரு நாய் வேறு. "கொஞ்சம் சாப்பிடுறாள், ஒளிச்சுக்கொண்டு இருக்கிறாள்" என்று நண்பன் எழுதினான். நானும் பழகிவிடும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டு விலகினாள். கோபமாக்கும் என்று நினைத்தேன். சனி, ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை காலை ஜன்னலோரம் படுத்திருந்தாள். வெயில் காதுக்குள்ளால் ஊடுருவித் தெரிந்தது. காதின் உட்பக்கம் மஞ்சள். வாயைத் திறந்து பார்த்தேன், முரசும் மஞ்சள். எங்கட ஊரில் செங்கமாரி என்போமே, அதேதான்.

வைத்தியரிடம் தராசில் வைத்தபோது 5.7 கிலோ. உடம்பில் 17 சதவீதம் போய்விட்டது. 70 கிலோ ஆள் ஒருவர் சில கிழமைகளில் 12 கிலோ இழந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பூனைக்கு ஏன் இப்படி நடக்கிறது?

நாங்கள் மூன்று நாள் சாப்பிடாவிட்டால் களைப்போம், எரிந்து விழுவோம். ஆனால் ஈரல் தாக்குப்பிடிக்கும். குண்டான பூனை ஒன்று சில நாள் ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரும்.

சாப்பாடு வராதபோது உடம்பு சேமித்த கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடும். அது ஈரலுக்குப் போகும். ஈரல் அதில் ஒரு பங்கை எரிக்கும், மிச்சத்தைப் புரதத்தோடு பொதி கட்டித் திரும்ப வெளியே அனுப்பும். பூனை முழு மாமிச பட்சணி. அதன் உடம்புக்குப் புரதம் நாள்தோறும் வேண்டும், பட்டினியிலும் புரதச் செலவைப் பெரிதாகக் குறைக்க அதற்குத் தெரியாது. சாப்பாடு நின்றால் பொதி கட்டும் சாமானும் நின்றுவிடும். கொழுப்போ வந்துகொண்டே இருக்கும்.

எங்கட பாஷையில் சொன்னால் இது ஒரு கியூ. உள்ளே வரும் வேகம் வெளியே போகும் வேகத்தை விட அதிகம். கியூ நிரம்புகிறது, சேர்வர் விழுகிறது. ஈரல் கலம் ஒவ்வொன்றும் கொழுப்புத் துளிகளால் ஊதி, பித்தம் ஓடும் நுண்ணிய பாதைகளை நெரிக்கிறது. பித்தம் ரத்தத்தில் தேங்குகிறது. பூனை மஞ்சளாகிறது. ஓங்காளம் வருகிறது, ஆகவே இன்னும் சாப்பிடாது. அதனால் இன்னும் கொழுப்பு வரும். வட்டம் தானாகச் சுற்றத் தொடங்கிவிடும். இதைக் கொழுப்பு ஈரல் நோய் என்று சொல்லலாம். குடியாலோ கூடின சாப்பாட்டாலோ மனிசருக்கு வரும் கொழுப்பு ஈரல் வருடக்கணக்கில் மெதுவாக வளரும். பூனையில் அது நாள் கணக்கில் வரும்.

ரத்தம் அடித்த அலாரம்

முதலில் ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் நிறத்துக்கு மூன்று இடத்தில் காரணம் இருக்கலாம். ஈரலுக்கு முன்னால், அதாவது சிவப்பணுக்கள் உடைவது. ஈரலுக்குள்ளே. அல்லது ஈரலுக்குப் பின்னால், அதாவது பித்தக் குழாய் அடைபடுவது. சிவப்பணு அளவு பெரிதாகக் குறையவில்லை, ஆகவே முதலாவது இல்லை.

இரண்டாவதா மூன்றாவதா? இங்கே இரண்டு என்சைம்கள் துப்புக் கொடுக்கும். ஏஎல்பி என்பது ஒன்று, ஜிஜிடி என்பது மற்றது. பித்தப் பாதையில் பிரச்சினை என்றால் வழக்கமாக இரண்டும் சேர்ந்து ஏறும். பூனையின் கொழுப்பு ஈரலில் ஏஎல்பி நன்றாக ஏறும், ஜிஜிடி ஏறாது அல்லது கொஞ்சம்தான் ஏறும். பூனையின் ரத்தத்தில் ஏஎல்பியின் பாதி சுமார் 6 மணித்தியாலத்தில் மறைந்துவிடும். நாயில் அதற்குச் சுமார் 3 நாள் எடுக்கும். ஆகவே பூனையில் சின்ன ஏற்றம் கூட 'இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது' என்பதற்கு அடையாளம்.

மிளகின் ஏஎல்பி உயர்வு, ஜிஜிடி கிட்டத்தட்ட சாதாரணம். சந்தேகம் வலுத்தது. ஆனால் ரத்தப் பரிசோதனை ஒரு மொனிட்டரிங் அலாரம் மாதிரி. ஏதோ பிழை என்று சொல்லும், எந்த இடத்தில் என்று காட்டாது. அடைப்பு என்றால் ஒப்பரேஷன். கொழுப்பு என்றால் சாப்பாடு. சத்திரசிகிச்சை தேவையில்லாத, பலவீனமான பூனையை மேசையில் ஏற்றினால் செத்துவிடலாம். அடைப்பிருக்கும் பூனைக்குச் சாப்பாடு மட்டும் கொடுத்தாலும் அதே முடிவுதான். அந்த இடத்தில்தான் படம் தேவைப்பட்டது.

எக்ஸ்ரே: வெளிக்கோடு மட்டும்

ரொன்ட்கன் 1895-இல் கண்டுபிடித்த கதிரைத்தான் நோர்வேஜியர் இன்றும் அவர் பேராலேயே கூப்பிடுகிறார்கள். எக்ஸ்ரே ஈரலின் அளவையும் விளிம்பையும் காட்டும். ஈரல் விலா எலும்புக்கு வெளியே நீண்டு, கூரான விளிம்பு உருண்டிருந்தால் வீக்கம். இரைப்பை பின்னால் தள்ளப்பட்டிருந்தாலும் அதே அர்த்தம். பித்தக்கல் சுண்ணாம்பு ஏறியிருந்தால் தெரியும்.

ஆனால் ஈரல், ரத்தம், பித்தம், வயிற்றுக்குள் தேங்கும் நீர் எல்லாம் எக்ஸ்ரேக்கு ஒரே சாம்பல். ஒரு ஃபோல்டரின் சைஸ் தெரியும், அதற்குள் என்ன ஃபைல் என்று தெரியாது. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் சத்தம் வேண்டும்.

மீன் தேடின சத்தம்

இந்த இடத்தில் நோர்வேக்காரர் கொஞ்சம் பெருமைப்படலாம், நாங்களும்தான். 1935-இல் ஒஸ்கார் சுண்ட் என்ற கடல் ஆய்வாளர், லொஃபோட்டனில் முட்டையிட வரும் கொட் மீன் கூட்டத்தைக் கப்பலிலிருந்து சத்தம் அனுப்பி, எதிரொலியைக் காகிதத்தில் பதிந்து, நேச்சர் சஞ்சிகையில் வெளியிட்டார். கொட் மீனுக்குள் காற்றுப் பை இருக்கிறது. அதில் சத்தம் பட்டுத் திரும்பும்.

எங்கட அப்பா அம்மாக்களில் எத்தனையோ பேர் எண்பதுகளில் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று அந்தக் கொட் மீனை வெட்டினவர்கள். என் அப்பாவும் ஒருவர். அவர் வெட்டின மீனைத் தேடிய அதே யுக்தியின் பேரப்பிள்ளை ஒன்றுதான் மிளகின் வயிற்றில் வைக்கப்பட்டது.

மருத்துவத்தில் இதைப் பெரிதாக்கியவர்களில் ஒருவர் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட். தொழிற்சாலைகளில் உலோக வெடிப்புத் தேடும் மெஷினைக் கொண்டு தொடங்கி, 1958-இல் வயிற்றுக்குள் எடுத்த படங்களை வெளியிட்டார். நோர்வேயின் பங்கு டொப்ளரில். ட்ரொன்ட்ஹெய்மில் பொறியியலாளர் பியோர்ன் ஆங்கெல்சனும் இதய மருத்துவர் லிவ் ஹாட்லவும் எழுபதுகளில் சேர்ந்து வேலைசெய்து, ரத்தம் ஓடும் வேகத்தைச் சத்தத்தால் அளப்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஹோர்ட்டனில் இருந்த விங்மெட் அந்த மெஷின்களைச் செய்தது. 1998-இல் அதை ஜெனரல் எலெக்ட்ரிக் வாங்கியது. இன்றும் ஹோர்ட்டனில் அல்ட்ராசவுண்ட் மெஷின் செய்கிறார்கள். ஒஸ்லோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரம்.

52 மைக்ரோசெக்கன்

மிளகை முதுகில் படுக்கவைத்து, வயிற்று மயிரை வழித்தார்கள். மயிருக்குள் சிக்கிய காற்று சத்தத்தைத் தடுக்கும். ஜெல் பூசுவதும் அதற்காகத்தான். நெஞ்செலும்பு முடியும் இடத்தில் புரோபை வைத்து முன்னோக்கிச் சாய்த்தார்கள், ஏனெனில் பூனையின் ஈரல் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும்.

கணக்கு இலகு. மென்மையான திசுக்களில் சத்தம் செக்கனுக்குச் சுமார் 1540 மீட்டர் போகும் என்று மெஷின் எடுத்துக்கொள்கிறது. 4 சென்ரிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 8 சென்ரிமீட்டர். அதாவது 52 மைக்ரோசெக்கன். எதிரொலி வந்த நேரம் ஆழத்தைச் சொல்லும், எதிரொலியின் பலம் அந்தப் புள்ளியின் வெளிச்சத்தைச் சொல்லும். இப்படி 128 கோடுகளை அடுத்தடுத்து அனுப்பினால் ஒரு படம், 7 மில்லிசெக்கனுக்குள். ஆகவே வீடியோ மாதிரி ஓடும்.

மனிசருக்கு வயிறு பார்க்க 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வழக்கம். பூனை சின்னது, ஆகவே 10 மெகாஹெர்ட்ஸ் அளவில் பாவிக்கலாம். அலைநீளம் 0.15 மில்லிமீட்டர், படம் கூர்மை. ஆனால் அதிர்வெண் கூடினால் சத்தம் சீக்கிரம் தேயும். ஒரு சென்ரிமீட்டருக்கு, ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும், சுமார் 0.5 டெசிபெல் இழப்பு. 10 மெகாஹெர்ட்ஸில் 8 சென்ரிமீட்டர் பயணம் என்றால் 40 டெசிபெல். தேய்வினால் மட்டும், அனுப்பிய சக்தியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆழத்திலிருந்து வரும் எதிரொலியை மெஷின் அதற்கேற்ப அதிகமாகப் பெருக்கிக் காட்டுகிறது. அந்தப் பெருக்கலைப் பரிசோதிப்பவர் கையால் திருகலாம். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்.

வெளிச்சம் என்பதன் அர்த்தம்

ஈரல் கலத்துக்குள் இருக்கும் கொழுப்புத் துளி மைக்ரோமீட்டர் அளவு. அலைநீளத்தை விடப் பல மடங்கு சின்னது. ஒரு துளியை மெஷின் பார்க்கவே முடியாது. ஆனால் தண்ணீர் நிறைந்த கலத்துக்குள் கொழுப்பு இருந்தால், ஒவ்வொரு துளியின் விளிம்பிலும் சத்தம் கொஞ்சம் சிதறும். கோடிக்கணக்கான துளிகள் சேர்ந்தால் அந்த இடம் முழுக்க வெளிச்சமாகும். கொழுப்பு ஈரல் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இதுதான். அதே கொழுப்பு சத்தத்தைக் கூடுதலாகத் தேய்ப்பதால், ஈரலின் ஆழமான பகுதி இருண்டு போகும்.

பளிச் என்றால் எவ்வளவு பளிச்? அங்கேதான் சிக்கல். பெருக்கும் திருகியைக் கொஞ்சம் கூட்டினால் எந்த ஈரலும் வெள்ளையாகும். ஆகவே தனி எண் ஒன்றுக்கு அர்த்தமில்லை, பக்கத்தில் ஒரு ஒப்பீடு வேண்டும். மருத்துவ மாணவர்கள் "மை கேட் லவ்ஸ் சன்னி பிளேசஸ்" என்று ஒரு வசனம் மனப்பாடம் செய்வார்களாம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரிசை: சிறுநீரகத்தின் மெடுல்லா, அதன் கோர்டெக்ஸ், லிவர், ஸ்ப்ளீன் என்ற மண்ணீரல், கடைசியாகப் புரொஸ்டேட். முதல் எழுத்துகளைப் பொருத்திப் பாருங்கள்.

வசனத்தில் பூனை இருந்தாலும் அது பூனைக்கு அவ்வளவு பொருந்தாது. பூனை தன் சிறுநீரகக் கோர்டெக்ஸிலும் கொழுப்பைச் சேமிக்கும், ஆகவே அது சும்மாவே பளிச்சென்று இருக்கலாம். பேஸ்லைனே நகர்ந்தால் எதோடு ஒப்பிடுவது? அதனால் பூனையில் வேறொரு அளவுகோல். ஈரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் ஒரு கொழுப்புத் தட்டு இருக்கிறது. ஃபால்சிஃபார்ம் கொழுப்பு என்பார்கள். ஈரலும் அதுவும் ஒரே படத்தில், பக்கத்தில் பக்கத்தில், ஒரே செட்டிங்கில் விழும். நல்ல ஈரல் அந்தக் கொழுப்பின் அளவு வெளிச்சம், அல்லது கொஞ்சம் இருட்டு. அந்தக் கொழுப்பை விட ஈரல் வெள்ளையாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மிளகின் படத்தை வைத்தியர் எனக்குத் திருப்பிக் காட்டினார். மேலே சாம்பல் தட்டு, அதற்குக் கீழே பனி கொட்டின மாதிரி வெள்ளை. எனக்கே தெரிந்தது.

உடனே அவர் ஒரு எச்சரிக்கையும் சொன்னார். நோயே இல்லாத குண்டுப் பூனைக்கும் ஈரல் இப்படி வெள்ளையாகத் தெரியலாம். படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. படம், ரத்தம், சாப்பிடாத கதை மூன்றும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

குழாய் அடைபட்டதா?

அடுத்தது நான் மேலே சொன்ன பெரிய கேள்வி. பித்தம் திரவம், ஆகவே பித்தப்பை படத்தில் கறுப்புக் குமிழி மாதிரித் தெளிவாகத் தெரியும். சுவர் 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், தடித்தால் அழற்சி. சில பூனைகளுக்குப் பித்தப்பை இரண்டாகப் பிரிந்திருக்கும், அது பிறவி அமைப்பு, நோயில்லை. பிறகு பொதுப் பித்தக் குழாய். பூனையில் 4 மில்லிமீட்டர் வரை சாதாரணம். 5-ஐத் தாண்டினால் கீழே எங்கோ அடைப்பு என்று தேடத் தொடங்குவார்கள். மிளகுக்கு 3-க்குக் கீழ். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கணையத்தையும் குடலையும் பார்த்தார்கள். பூனையில் பித்தக் குழாயும் கணையத்தின் பிரதான குழாயும் குடலுக்குள் போகுமுன் ஒன்றாகச் சேர்கின்றன. ஒரு இடத்தில் அழற்சி வந்தால் மற்ற இரண்டுக்கும் பரவலாம். கொழுப்பு ஈரல் பல நேரம் தனியாக வராது. ஏதோ ஒரு நோய் பூனையைச் சாப்பிட விடாமல் செய்ததால்தான் வரும். அந்த முதல் நோயைத் தேடுவதும் இந்தப் படத்தின் வேலை. மிளகுக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்கு வந்த நோய் என் பயணம்தான்.

ஊசியும் மற்றப் படங்களும்

படம் 'கொழுப்பு மாதிரி' என்று சொல்லும். உறுதிக்குக் கலம் வேண்டும். படத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியை ஈரலுக்குள் விட்டுச் சில கலங்களை எடுப்பார்கள். ஈரல் பழுதானால் ரத்தம் உறைவதும் பழுதாகலாம், ஆகவே முதலில் விட்டமின் கே கொடுத்து, உறைவதையும் பார்த்துத்தான் ஊசி. நுணுக்குக்காட்டியில் கலமெல்லாம் ஓட்டை ஓட்டையாகக் கொழுப்பு. ஊசிக்கும் எல்லை உண்டு. கொழுப்பை இலகுவாகப் பிடிக்கும், அழற்சியைத் தவறவிடலாம். அதற்குத் திசுத் துண்டு வேண்டும்.

சிடி ஸ்கான் ஏன் இல்லை என்று நான் கேட்டேன். சிடி இன்னொரு வகையில் நேர்மையானது. ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100 அளவில். திருகியை யார் திருகினாலும் எண் மாறாது. ஆனால் அசையாமல் கிடக்க மயக்கமோ தூக்க மருந்தோ வேண்டும், ஈரல் விழுந்த பூனைக்கு அது சுமை. சிடியின் இடம் வேறு: கட்டி ஒன்றை வெட்டத் திட்டம் போடுவது, ஈரலைச் சுற்றிக்கொண்டு ஓடும் பிறவி ரத்தக்குழாயைத் தேடுவது. இரண்டாவது குட்டிகளில் வரும். வளர்ச்சி குறைவு, வாயூறல், சிலதுக்குச் செம்பு நிறக் கண். ட்ரொன்ட்ஹெய்ம் டொப்ளர் அங்கே முதலில் உதவும்.

படத்துக்கே அகப்படாத ஈரல் நோய்களும் உண்டு. லிம்போமாவோ அழற்சியோ இருக்கும்போதும் ஈரல் படத்தில் சாதாரணமாகத் தெரியலாம். நோர்வேயின் சொந்தப் பூனையான ஸ்கூக்காட்டில் கிளைக்கோஜன் ஒழுங்காகக் கிளைவிடாத ஒரு பரம்பரை நோய் இருக்கிறது, ஜிபிஇ1 என்ற ஜீனில் பிழை. அதை அல்ட்ராசவுண்டில் தேடிப் பயனில்லை. ஜீன் டெஸ்ட் எடுத்தால் போதும்.

ஏஐ பார்க்காதா?

இதுவும் இன்பொக்ஸில் வந்த கேள்வி. எக்ஸ்ரே மாதிரி ஒரே விதமாக எடுக்கும் படத்தில் மொடல்கள் உதவும். அல்ட்ராசவுண்டில் டேட்டாவை உருவாக்குவதே புரோபைப் பிடித்திருக்கும் கை. கோணம், அழுத்தம், திருகி, வழித்த மயிரின் அளவு எல்லாம் பிக்ஸலை மாற்றும். ஒரு கிளினிக் மெஷினில் பழக்கிய மொடல் அடுத்த கிளினிக்கில் தடுமாறும். அதோடு லேபல் எங்கிருந்து வரும்? உண்மையான விடை ஊசியிலும் திசுவிலும் இருக்கிறது, எல்லாப் பூனைக்கும் அது எடுப்பதில்லை. நான் கண்ட நல்ல பாவனை, அளவெடுப்பதும் அதே இடத்தை மறுமுறை கண்டுபிடிப்பதும். தீர்ப்பு இன்னும் அந்தக் கையிடம்தான்.

அம்மாவும் ஊசிக்குழாயும்

செலவு என் ஒரு மாத வாடகையைத் தாண்டியது. ஃபொர்சிக்ரிங் இருந்தது, ஏகன்ஆண்டேல் போகப் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அம்மாவுக்குச் சொன்னபோது,

"பூனைக்கு ஸ்கானோ? என்ர முழங்காலுக்கு எம்ஆர் எடுக்க நான் நாலு மாசம் காத்திருந்தனான்."

"அம்மா, சாப்பிடாட்டி அது செத்துப்போகும்."

"அப்ப ஏன் மூண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தனி?"

என்னிடம் பதில் இருக்கவில்லை.

மருந்து என்பது சாப்பாடுதான். கழுத்துப் பக்கத்தால் உணவுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்து, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஊசிக்குழாயால் கூழ் மாதிரி உணவு. முதல் நாளே முழு அளவு கொடுக்கக்கூடாது. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று சாப்பாடு போனால் ரத்தத்தில் பொஸ்பரஸும் பொட்டாசியமும் விழும், அதுவே கொல்லும். ஆகவே மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, சில நாளில் கூட்டினோம்.

எனக்குக் கொன்ட்ராக்ட் வேலை. போகாத நாளுக்குக் காசில்லை. இரண்டாவது கிழமை ஒரு நாள் காலை அம்மா கதவில் நின்றா, கையில் பையோடு. "நீ வேலைக்குப் போ" என்றா. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் அம்மாதான். மேசையில் ஒரு கொப்பி வைத்து நேரம், மில்லிலீட்டர், சத்தி எடுத்ததா என்று எழுதினா. நான் இதுவரை பார்த்த எந்த லொக் ஃபைலும் அவ்வளவு சுத்தமில்லை. ஒரு பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தா: "பிள்ளை இண்டைக்கு முகம் கழுவினது."

நோர்வேயின் மிருக நலச் சட்டம் 2010-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மிருகத்துக்கு, எங்களுக்கு அதனால் உள்ள பயனைத் தாண்டி, தனக்கென்று ஒரு பெறுமதி உண்டு என்று அதன் 3-ஆம் பிரிவு சொல்கிறது. அம்மா அதை வாசிக்கவில்லை.

நாலாவது கிழமை மிளகு தானாகச் சாப்பிடத் தொடங்கினாள். ஐந்தாவது கிழமை குழாயை எடுத்தார்கள். ஆறாவது கிழமை திரும்ப ஸ்கான், அதே மெஷின், அதே ஒப்பீடு. ஈரல் கொழுப்புத் தட்டை விடக் கொஞ்சம் இருட்டாக இருந்தது. பனி உருகிவிட்டது.

உங்கட வீட்டில் பூனை இருந்தால்

1. பூனை ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாவிட்டால் அன்றே வைத்தியருக்கு அடியுங்கள். குண்டுப் பூனை என்றால் பாதி சாப்பிடுவதும் சில நாள் தொடர்ந்தால் பிழை. இரவில் டீர்லேகவாக்ட் இருக்கிறது.

2. மஞ்சளைக் காதின் உட்பக்கத்திலும் முரசிலும் கண் வெள்ளையிலும் பாருங்கள், பகல் வெளிச்சத்தில்.

3. குண்டைக் குறைக்கப் பட்டினி போடாதீர்கள். வைத்தியரோடு திட்டம் போட்டு, கிழமைக்கு உடல் எடையில் 1 சதவீத அளவில் மெதுவாக.

4. பாரசெட் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொல்லும். வெங்காயம், உள்ளி போட்ட கறியும் வேண்டாம், சிவப்பணுக்களை உடைக்கும்.

5. ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பூனையை இடம் மாற்றாமல், ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு சமையல் தராசு வாங்கிக் கொடுங்கள். "கொஞ்சம் சாப்பிட்டது" என்ற செய்தி போதாது, எத்தனை கிராம் என்று கேளுங்கள்.

6. ஸ்கான் எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஈரலை எதோடு ஒப்பிட்டீர்கள்? பித்தக் குழாய் எத்தனை மில்லிமீட்டர்? கொழுப்பு என்றால், பூனை சாப்பிடாமல் விட்டதற்கு முதல் காரணம் என்ன?

அடுத்த மாதம் எனக்குத் திரும்பவும் யாழ்ப்பாணம். இந்த முறை மிளகு வீட்டிலேயே நிற்பாள். அம்மா வந்து நிற்கப் போகிறா. கொப்பி மேசையில் இருக்கிறது.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம். கேள்விகள் இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். பூனைப் படமும் அனுப்பலாம்.